மாடிப்படித் திருப்பத்துக்கும் ஒரு தரநிலை

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
இந்திய தர நிர்ணய அமைவனம்,
மானக் பவன், புது தில்லி.
நகல்: பீன்யா கிளை அலுவலகம், பெங்களூரு.

பொருள்: கட்டில் வீட்டுக்குள் போக வேண்டியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே, 1947 ஜனவரியில் பிறந்த அலுவலகம் தங்களுடையது. அன்று வேறு பெயர். இன்றைய பெயர் வந்தது 1987இல். ஐ.எஸ். 1 என்ற முதல் எண்ணைத் தேசியக் கொடிக்குக் கொடுத்தீர்கள். அதில் சொல்லியிருக்கும் ஆகப் பெரிய கொடி 6300க்கு 4200 மில்லிமீட்டர். சதுர அடியில் 285 வருகிறது. பெங்களூரு நீலசந்திராவில் நான் குடியிருக்கும் வீடு, சமையலறை குளியலறை எல்லாம் கூட்டினாலும், அதில் பாதி தேறாது. கொடி பெரிதாக இருப்பதில் எனக்குப் பெருமைதான். அளவு விஷயத்தில் யாரிடம் முறையிடுவது என்று யோசித்தபோது தங்கள் ஞாபகம் வந்தது, அவ்வளவே.

தங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பைப் படித்தேன். வீட்டில் ஒரே அறை என்றால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 2.4 மீட்டராவது வேண்டும். இரண்டு அறை இருந்தால் இரண்டாவது 7.5 வரை இறங்கலாம். சமையலறைக்கு 5 போதும். என் ஹால் எட்டு அடிக்கு ஒன்பதரை அடி, அதாவது ஏழு சதுர மீட்டர் சொச்சம். படுக்கையறை என்று சொல்லத் தகுதி இல்லை, சமையலறை என்று சொன்னால் ஆடம்பரம். ஆக, தங்கள் கணக்குப்படி நான் தினமும் ஒரு விசாலமான சமையலறையில் தூங்கி எழுகிறேன். மூலையில் ஒரு தூண் ஒன்பது அங்குலம் துருத்திக்கொண்டிருப்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஓனர் அம்மாவும் சேர்க்கவில்லை.

நீலசந்திரா எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்டின் டவுனை ஒட்டிய பேட்டை. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வந்து போகும். அண்ணன் தம்பி பாகம் பிரித்த சைட்டில் வீடு பக்கவாட்டில் வளர முடியாது, மேலேதான் வளர வேண்டும். மாடிக்கு ஒரு குடும்பம். வாடகை கொடுத்து மாளாதவர்கள் லீஸுக்குப் போவார்கள்: மொத்தமாகச் சில லட்சங்களை ஓனரிடம் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் இருந்து, போகும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இருந்த பணம் எல்லாம் அதில் போய்விடுவதால், வீட்டுக்குச் சாமான் வாங்கப் பழைய சாமான் விற்கும் குஜரிக் கடைக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் 3,500 ரூபாய்க்கு ஒரு இரும்புக் கட்டில் எடுத்தேன். மூன்றடிக்கு ஆறேகால் அடி. வெல்டிங் போட்ட சட்டம், கழற்ற முடியாது. யானை ஏறிப் படுத்தாலும் தாங்கும் என்றார் கடைக்காரர். யானை வீட்டுக்குள் வருவது எப்படி என்று நானும் கேட்கவில்லை.

கட்டில்களைத் தாங்கள் சும்மா விடவில்லை என்பது தெரியும். 2022இல் நாற்காலிக்கு, மேசைக்கு, அலமாரிக்கு, கட்டிலுக்கு, இரண்டடுக்குக் கட்டிலுக்கு என்று தனித்தனித் தரநிலை போட்டீர்கள். கட்டிலின் எண் 17635. தங்கள் தர முத்திரையைக் கட்டாயமாக்க மத்திய அரசு 2025 பிப்ரவரியில் ஆணையும் அறிவித்தது. எடை வைத்துப் பார்க்கிறீர்கள், இடித்துப் பார்க்கிறீர்கள், ஓய்ந்து போகிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறீர்கள். அத்தனையும் கட்டில் அறைக்குள் வந்துசேர்ந்த பிறகு நடக்கிற விஷயங்கள். அறைக்குத் தரம் இருக்கிறது, கட்டிலுக்குத் தரம் இருக்கிறது. இது அதற்குள் எப்படிப் போகும் என்பதை மட்டும் கட்டிலின் சொந்தப் பொறுப்பில் விட்டுவிட்டீர்கள்.

படிக்கட்டுக்கும் விதி உண்டே என்பீர்கள். உண்டு. குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு தளமுள்ள வரிசை வீடுகளுக்கு 75 சென்டிமீட்டர் வரை மனம் இரங்கியிருக்கிறீர்கள். தளக் கணக்கிலும், அகலத்தில் இன்னும் ஆறரை சென்டிமீட்டரும் இரங்கினால் எங்கள் படிக்கட்டு விதிக்குள் வந்துவிடும்: இரண்டேகால் அடி. பாதியில் ஒரு செங்கோணத் திருப்பம். திருப்பத்தின் சுவரில் கரண்ட் மீட்டர்கள், மீட்டர்களுக்குக் கீழே யாருடையதோ செருப்பு ஸ்டாண்ட்.

இந்தத் திருப்பம் சாதாரண விஷயம் இல்லை. 1966இல் லியோ மோசர் என்ற கணிதவியலாளர் ஒரு கேள்வியை எழுப்பினார்: ஒரே அகலமுள்ள இரண்டு நடைபாதைகள் செங்கோணமாகச் சேரும் இடத்தில், திரும்பிப் போகக்கூடிய ஆகப் பெரிய சோபாவின் பரப்பு எவ்வளவு? 1992இல் ஜோசப் கெர்வர் ஒரு வடிவம் கொடுத்தார், பார்க்கப் பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி இருக்கும். நடைபாதை ஒரு மீட்டர் என்றால் அந்த சோபா 2.2195 சதுர மீட்டர். இதைவிடப் பெரிது முடியாது என்று கொரியாவின் ஜினோன் பேக், நூறு பக்கத்துக்கு மேல் ஒரு நிரூபணத்தை 2024 முடிவில்தான் வெளியிட்டார். எங்கள் படிக்கு அதைப் பெருக்கிப் பார்த்தேன்: பதினொரு சதுர அடி. என் கட்டிலோ பதினெட்டே முக்கால்.

பீரோ தூக்கும் அண்ணன் குட்டியானை வண்டியிலிருந்து இறங்கினார், படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், காதில் செருகியிருந்த பீடியைக்கூட எடுக்கவில்லை.

“ஏறாதுக்கா. கயிறு எடுங்க.”

அவசரப்பட்டுச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். மோசரின் கணக்கு தரையோடு தரையாகத் தள்ளுவதற்கு மட்டும்தான். அண்ணனுக்குக் கட்டிலைத் தூக்கி நிறுத்தவும் தெரியும். திருப்பத்துக்கு மேலே மொட்டையாக நிற்கும் காங்கிரீட் ஆறடியில் இருந்தது, கட்டில் ஆறேகால். அந்தக் கால் அடியையும் கீழே நின்றபடியே கண்ணால் கழித்துவிட்டுத்தான் கயிறு கேட்டார்.

பிறகு கட்டில் வானத்தில் போனது. மொட்டை மாடியிலிருந்து இரண்டு பேர் இழுக்க, முதல் மாடிப் பையன் சர்வீஸ் ஒயரைத் துடைப்பக் கட்டையால் ஒதுக்கிப் பிடிக்க, எதிர்வீட்டு அக்கா தன் ஜன்னலில் நின்று “லெஃப்ட்டு, லெஃப்ட்டு” என்று கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவான மொழியில் வழிகாட்ட, பால்கனிக் கம்பியின் மேல் சட்டத்தை வெல்டரிடம் சொல்லி அறுத்து, கட்டில் உள்ளே போனதும் மறுபடி ஒட்டவைத்து, ஏற்றுகூலி 1,200 ரூபாய். கட்டிலின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காலி செய்யும்போது இறக்குகூலி தனி. இந்தப் பேட்டையில் பல வீடுகளில் ஓனர் மாறுவார், வாடகைக்காரர் மாறுவார், கட்டில் மட்டும் மாறாது. அது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

வீட்டை அழகுபடுத்த வழி சொல்லும் பத்திரிகைப் பக்கங்களையும் விடாமல் படிக்கிறேன். சின்ன அறைக்கு வெளிர் நிறம் பூசு என்கிறார்கள். பூசித்தான் இருக்கிறது, போக வர எல்லோர் தோளும் உரசி, ஒரே உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு அறையைச் சுற்றி வந்துவிட்டது. பார்டர் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டினால் அறை இரண்டாகத் தெரியும் என்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று லீஸ் பத்திரத்தில் இருப்பதால் தூணில் சாய்த்து வைத்தேன். எதிர்வீட்டுச் சமையலறைதான் இரண்டாகத் தெரிகிறது.

ஒரே சாமானுக்கு இரண்டு பயன் இருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு மட்டும் நீலசந்திராவில் யாரும் காத்திருக்கவில்லை. தாங்கள் கட்டிலைச் சோதிக்கும்போது அதன் கால்கள் தரையில் இருக்கும். இங்கே கட்டில் கால்கள் தரையைப் பார்த்ததில்லை, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு சாலிட் பிளாக். கீழே அரிசி மூட்டை, சூட்கேஸ், பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும் பெரிய அண்டா. பிளாக் நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 17635இல் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா? இரண்டடுக்குக் கட்டிலுக்கும் எண் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. எட்டடி உயரக் கூரையில் மேல் தட்டில் படுப்பவரின் மூக்குக்கும் ஃபேன் இறக்கைக்கும் எவ்வளவு தூரம் என்று அடுத்த பதிப்பில் சேர்த்தால் உபகாரமாக இருக்கும்.

மெட்ரோவில் ஏறி நாகசந்திரா போய், 2022இல் திறந்த ஐகியா கடையில் பெட்டியில் பிரித்து அடுக்கி விற்கும் கட்டில் வாங்கலாமே என்று தங்கள் பீன்யா அலுவலகத்தில் யாராவது கேட்கலாம், அவர்களுக்குப் பக்கம்தான். நல்ல யோசனைதான், பெட்டி எந்தத் திருப்பத்திலும் திரும்பும். அந்த நிறுவனத்தில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்பவர் காருக்குள் போகாத மேசையின் கால்களைக் கழற்றியதிலிருந்துதான், 1950களில், அந்த வியாபார முறையே பிறந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அப்படிப்பட்ட கட்டில் பார்ட்டிகிள் போர்டில் செய்ததாக இருந்தால், எந்தக் கடையில் வாங்கினாலும் அதற்கு ஒரு குணம் உண்டு: கழற்றிக் கழற்றி மாட்டினால் திருகு துளை பொடிந்து, திருகு பிடிக்காது. லீஸ் முடிந்து லீஸ் மாறுகிறவர்களுக்கு அது எத்தனை வீடு வரும்? நட்டு போல்ட்டில் கழற்றி மாட்டும் மரக் கட்டிலை எங்கள் ஆசாரிகள் எத்தனையோ காலமாகச் செய்கிறார்கள். எனக்கு அதற்குக் காசு போதவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டிலோ சோபாவோ, முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள்: ‘இது இத்தனை அங்குலப் படியில், இத்தனை அடி உயரத்துக்குக் கீழே, திரும்பும்.’ அறையை நாங்கள் டேப் பிடித்து அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறோம். படியை அளக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த ஒரு வரி இருந்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாயாவது மிஞ்சும்.

நேரில் பார்க்க அதிகாரி வருவதானால் ஆறடிக்குக் குறைவானவராக அனுப்புங்கள். இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். கார் எங்கள் தெருவுக்குள் வராது. காலை பத்து மணிக்கு மேல் வந்தால், தண்ணீர்க் குடம் எல்லாம் மேலே போய்ப் படி காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடிக் குடித்தனக்காரி,
நீலசந்திரா.