பற்றியல்: பேன் முடியைப் பிடித்திருக்கும் பாங்கு குறித்த ஒரு முன்னாய்வு

பற்று இருவகைத்து: அகப்பற்று, புறப்பற்று. முன்னது தத்துவத் துறையாரின் எல்லை, தொட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

புறப்பற்றுடையவற்றுள் தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் தட்டையானது. பின்னோக்கிச் சாய்ந்த முட்களால், இழுத்தால் மயிரில் மாட்டிக்கொள்ளும். மூட்டைப்பூச்சி கடித்துவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பிவிடும், பற்றற்றது. உண்ணிக்கு எட்டுக்கால், பூச்சியே அல்ல என்பதால் நீக்கப்பட்டது.

எஞ்சியது தலைப்பேன். நீளம் 2 முதல் 3 மி.மீ. இதை ராபர்ட் ஹூக் 1665இல் தம் 'மைக்ரோகிராஃபியா'வில், மடித்துச் செருகவேண்டிய அளவுக்குப் பெரிய தாளில், முடியைப் பிடித்த கோலத்தில் வரைந்தார். பேனைப் பெருமாளாக்கும் ஆய்வுநெறி நம்முடையது மட்டுமல்ல என்பது இதனால் பெறப்படும்.

பேனின் ஆறு கால்களிலும் நுனியில் ஒரு கொக்கி நகம், எதிரே கட்டைவிரல் போன்ற புடைப்பு. இடையில் முடி. தண்ணீர் ஊற்றினாலும் பிடி விடாது. தாவவும் தெரியாது, 'பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்டேருந்து குதிச்சு வந்துடுச்சு' என்னும் தாய்மார் பாடம் பிழைபட்டது. தலையோடு தலை சேர்ந்தால் நடந்தே வரும்.

இனி ஈர். தாய்ப்பேன் பசை சுரந்து இதை முடியடியில் ஒட்டுகிறது. குஞ்சு போன பின்னும் காலிக்கூடு இடத்தைக் காலி செய்யாது. இதற்குத் 'தகைசால் பேராசிரியர் நிலை' என்று பெயர். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், கூடு தலையைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு பணிமூப்பு.

ஒட்டியிருப்பது ஈரா, முடியா? ஈரே என்பர் கிழக்குத் திண்ணையார் (சீயக்காய்ப் படலம், முதல் அலசல்). முடியே என மறுப்பர் மேற்குத் திண்ணையார் (எண்ணெய்ப் பிசுக்குரை, இரண்டாம் சிக்கு, உதிர்ந்த பகுதி). இரண்டும் ஒன்றே என்பர் வாசற்படியார் (பிசின் விளக்கத்து இடைச்செருகலின் பிற்சேர்க்கைக்கு எழுதிய திருத்திய அடிக்குறிப்பு, தலையைச் சொறிந்தபடி எழுதியதால் கையெழுத்து தெளிவில்லை).

தொல்லியல் சான்றும் உண்டு. இஸ்ரேலின் லாக்கீஷில் 2016இல் ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. வயது ஏறக்குறைய 3,700 ஆண்டு. தலையிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழியவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து இருப்பதே 2021இல்தான் கண்ணில் பட்டது. பேன் பார்ப்பவர்களிடம் கொடுத்திருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும்.

இவற்றுள் எதையும் வாசிக்காத ஒரு பாட்டி, பேன் சீப்பை வெள்ளைத் துணியில் தட்டி, விழுந்ததை இரு கட்டைவிரல் நகங்களுக்கிடையே வைத்து நசுக்கினார். மேற்கோள் எதுவும் காட்டவில்லை. நசுங்கியது பேனா, பேன் என்னும் கருத்தா என்று மேற்குத் திண்ணையார் தனி நூல் எழுதிவருகிறார்கள்.