லேன் கார்டுப் புணரியல்

நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் என்னென்ன நேரும் என்பதைத் தமிழ் இலக்கணிகள் சலிக்காமல் ஆராய்ந்திருக்கிறார்கள். மதர்போர்டின் ஸ்லாட்டும் லேன் கார்டின் பொன்முலாம் பூசிய பற்களும் சந்திக்கும் இடத்தைத்தான் ஒருவரும் ஆராயவில்லை. பவணந்தி முனிவரைக் குறை சொல்வதற்கில்லை; 13-ஆம் நூற்றாண்டில் அவருக்கு அந்தத் தேவை எழவில்லை. எனக்கு 2002-இல் எழுந்தது. என் கம்ப்யூட்டரையும் தம்பியின் கம்ப்யூட்டரையும் கிராஸ் கேபிள் ஒன்றால் இணைத்து, ஒரே பிரிண்டரில் இருவரும் அச்சடிப்பது என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. அதையொட்டி நடந்த 11 நாள் கள ஆய்வின் அறிக்கை இது.

புணர்ச்சி இருவகைப்படும். கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் சிஸ்டம் அதைத் தானே கண்டுகொண்டு, டிரைவர் சிடியை மரியாதையாகக் கேட்டு வாங்கி, மறுமுறை எழும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தால் அது இயல்புப் புணர்ச்சி. இதற்கு எடுத்துக்காட்டு கடைக்காரர் மேசையில் மட்டும் கிடைக்கும். வீட்டில் நடப்பது விகாரப் புணர்ச்சி. அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று.

தோன்றலாவது, டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி வந்து நிற்பது. இது மருட்கை என்னும் மெய்ப்பாடா, அச்சமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கம்ப்யூட்டருக்கு மருட்கை, உரிமையாளருக்கு அச்சம் என்பது என் துணிபு. கெடுதலாவது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் தம்பிக்கு ஒரு ஃபைலை அனுப்ப முயல, பாட்டும் ஃபைலும் மவுஸின் அம்பும் ஒருங்கே கெட்டுத் திரை முழுதும் நீலமாவது. பிறகு திரிதலுக்கு வருகிறேன். அதில் என் மானமும் கலந்திருக்கிறது.

நீலத்திரையின் வாசகம் சூத்திரம் போன்றது. பூஜ்யங்களும் சில ஆங்கில எழுத்துகளும் தவிர வேறொன்றும் இராது; பொருளை உரைகாரர்தான் சொல்ல வேண்டும். எனக்கு மூவர் வாய்த்தார்கள்.

முதல்வர் என் மைத்துனர். "ஃபார்மேட் அடிச்சிடுங்க மாமா" என்றார். எந்த நூற்பாவுக்கும் இவர் உரை இது ஒன்றே. இரண்டாமவர், ரிச்சி தெருவில் கார்டை விற்றவர். "கழட்டி பென்சில் ரப்பரால பல்லைத் தேய்ச்சு மாட்டுங்க சார்" என்றார். சிரித்தேன், சிரித்தது பிழை. பல்லில் படியும் அழுக்கு தொடர்பைக் கெடுக்கும், ரப்பர் அதை எடுக்கும். ஆர்வத்தில் நீண்ட நேரம் தேய்த்தால் முலாமையும் எடுக்கும். மூன்றாமவன் கீழ் வீட்டு இன்ஜினியரிங் மாணவன். "ஐஆர்க்யூ கான்ஃப்ளிக்ட் அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். அவன் உரையே உரை.

அதாவது, ஒரு கருவி ப்ராசஸரைக் கூப்பிட வேண்டுமானால் அதற்கென்று ஒரு மணி வேண்டும். அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டரில் மணிகள் 0 முதல் 15 வரை, ஆக 16. கடிகாரத் துடிப்புக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, ஹார்ட் டிஸ்க் வகையறாவுக்கு 14, 15. இப்படி முன்பதிவு போக, புதிதாக வருகிறவர்களுக்கு மிஞ்சுவது 5, 9, 10, 11 என்று நாலைந்து. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொண்டது போக மண்டபத்தில் மிச்சமிருக்கும் அறைகள் போல. பிசிஐ ஸ்லாட்டில் இருப்பவர்கள் ஒரே மணியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று விதி உண்டு. ஆனால் மணி அடித்ததும் ஒவ்வொரு டிரைவரும் 'இது நம் கருவிதானா' என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்தவருக்கு விட வேண்டும். என் சவுண்டு கார்டின் டிரைவரோ எந்த மணி அடித்தாலும் தனக்குத்தான் என்று எழுந்து ஓடியது. எங்கள் வீட்டில் ஃபோன் மணிக்கு அப்படி ஓடுகிற ஒருவர் உண்டு. ஆய்வு நெறி கருதிப் பெயரை விடுக்கிறேன்.

கார்டை ஒரு ஸ்லாட் தள்ளிச் செருகச் சொன்னான் பையன். இடம் மாறினால் குணம் மாறுமோ எனின், மாறும். என்னை? ஸ்லாட்டுக்கு ஸ்லாட் மணிக்கம்பி கோத்திருக்கும் வரிசை வேறு. இடம் மாற, எண்ணும் மாற வாய்ப்புண்டு. மாறியது. நீலம் ஒழிந்தது.

ஆயினும் இரண்டு கம்ப்யூட்டரும் பேசவில்லை. காரணம் என் தாராள மனம். பட்டியலில் கண்ட புரோட்டோகால் அனைத்தையும் என் சிஸ்டத்தில் ஏற்றியிருந்தேன். நெட்பியூய், ரௌட்டரைத் தாண்டத் தெரியாத தெருவழக்கு. ஐபிஎக்ஸ், நாவெல் நிறுவனத்தின் நெட்வேருக்குரிய வட்டார மொழி. 1993-இல் வந்த டூம் விளையாட்டால் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. டிசிபி/ஐபி, 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் ஏற்றுக்கொண்ட பொதுமொழி. தம்பியிடம் இந்தக் கடைசி மொழி மட்டும். நான் நெட்பியூயில் கூப்பிட, அவன் எப்படித் திரும்பிப் பார்ப்பான்? முதலிரண்டையும் நீக்கினேன். (2001-இல் வந்த எக்ஸ்பியிலும் நெட்பியூய் வழக்கமான பட்டியலில் இல்லை, சிடியின் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். வழக்கொழிந்த சொல்லுக்கு அகராதியின் பின்னிணைப்பு.)

இனித் திரிதல். இரண்டுக்கும் 192.168.0.1 என்றே எண் கொடுத்தவன் நான்தான். காகிதத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். சென்னைத் தெருக்களில் ஒரு வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு இருந்தும் தபால்காரர் சமாளிக்கிறார். இரண்டு வீட்டுக்கு ஒரே எண் என்றால் அவராலும் ஆகாது. தம்பியின் சிஸ்டத்தில் 'எண்ணைத் தானாகப் பெறுக' என்று மாற்றினேன். தருவதற்கு ஆளில்லாததால் அது 169.254 என்று தொடங்கும் ஏதோ ஓர் எண்ணைத் தனக்குத்தானே சூட்டிக்கொண்டது. திரிந்தது.

இதற்கிடையே இரண்டு நாள் மகிழ்ச்சியாகவும் இருந்தேன். 1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் கருவியால் 127.0.0.1-ஐக் கூப்பிட்டபோதெல்லாம் உடனுக்குடன் பதில் வந்தது. தம்பியின் கம்ப்யூட்டர் இத்தனை வேகமா என்று வியந்து வீட்டாரையும் அழைத்துக் காட்டினேன். அந்த எண் கேபிளைத் தொடுவதே இல்லை, கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிறது என்று கீழ் வீட்டுப் பையன்தான் சொன்னான், சற்றுத் தணிந்த குரலில்.

11-ஆம் நாள் தம்பியின் சிஸ்டத்துக்கு 192.168.0.2 என்று கையால் எழுதினேன். முதல் பக்கம் அச்சானது. சிபியூவின் மூடியை மாட்டி முடித்தபோது தரையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிக் கிடந்தது. இலக்கணத்தில் இதற்கு எச்சம் என்று பெயர். எதைக் கொண்டு முடியும் என்று தெரியாததால், மேசை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.