பிணத்துக்கு எடை உண்டே தாத்தா!

அறுபதை நெருங்குகிற ஒருவன் பஸ்ஸில் உட்கார்ந்து அம்புலிமாமா படித்தால், சக பயணிகள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். "பேரனுக்கா சார்?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. கேட்காமலேயே சற்றுத் தள்ளி உட்காருபவர்கள் இன்னொரு வகை. எனக்கு இரண்டாம் வகையினரைத்தான் பிடிக்கும். இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

அம்புலிமாமா என்ற இந்தச் சிறுவர் மாத இதழை நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால் தொடங்கினார்கள். பத்து வருஷம் கழித்து 'மாயா பஜார்' எடுத்து, எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் லட்டுகளைத் தாமாகவே பறந்துபோக வைத்தவர்களும் அவர்கள்தான். இப்படிப்பட்டவர்கள் கையில் வேதாளம் சிக்கினால் சும்மா விடுவார்களா? சமஸ்கிருத மூலத்தில் வேதாளம் சொன்ன கதைகள் 25. அம்புலிமாமாவில் அது பல பத்தாண்டுகளுக்கு மாதம் தவறாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் பள்ளிக்கூடம் முடித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, தலை வழுக்கையாயிற்று. விக்கிரமாதித்தன் அதே காட்டில், அதே பிணத்தோடு நடந்துகொண்டிருந்தான். ஓவியர் சங்கர் வரைந்த அந்த ராஜாவின் கையில் உருவிய வாள், தோளில் பிணம். முகத்தில் மட்டும் ஒரு நாளும் அலுப்பை நான் பார்த்ததில்லை. சம்பளமில்லாமல் இரவு ஷிப்ட் பார்க்கிறவன் முகமா அது!

போன விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் பேத்திக்கு ஏழு வயது. அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்: முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்தை ராஜா தோளில் தூக்கி வருவான், அதற்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும், விடை தெரிந்தும் பேசாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும், பேசினாலோ வேதாளம் மறுபடி மரத்துக்கே போய்விடும். பெரியவர்களிடம் சொன்னால் "செத்த பிணம் எப்படிப் பேசும்?" என்று முதல் வரியிலேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். அவள் அதைக் கேட்கவே இல்லை. பிணம் பேசும், சரி, மேலே சொல்லு என்றாள். அதற்கப்புறம்தான் விசாரணை ஆரம்பமாயிற்று.

"ராத்திரி பூரா ராஜா காட்டுல இருந்தா, வீட்டுல யாரும் தேட மாட்டாங்களா?"

"ராணிக்குத் தெரியும்மா."

"முருங்கை மரத்துல எப்படித் தொங்கும்? கிளை ஒடிஞ்சிடாதா?"

இதற்கு நான் தயாராக இல்லை. நியாயமான கேள்வி. கொல்லையில் முருங்கை வைத்திருக்கும் யாரும் பிள்ளைகளை அதில் ஏற விடமாட்டார்கள். அவ்வளவு சுலபமாக முறிகிற கிளை. வடமொழிக் கதையில் வேதாளம் இருப்பது சிம்சபா மரத்தில். உறுதியான மரம். நம்மவர்கள்தான் குழம்புக்கும் ஆகட்டும் என்று முருங்கைக்கு மாற்றிவிட்டார்கள் போல. சமாளித்துப் பார்த்தேன்.

"பேய்க்கு எடை கிடையாதும்மா."

"பேய்க்குக் கிடையாது. பிணத்துக்கு இருக்குமே தாத்தா?"

குழந்தை மனசு என்றால் எதையும் நம்புகிற மனசு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையவே கிடையாது. ஒரே ஒரு பொய்யைப் பெருந்தன்மையாக உள்ளே விட்டுவிட்டு, அதற்குப் பின் வருகிற ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்கிற மனசு அது. நாம்தான் நேர் எதிர். பேசும் பிணம் என்றால் சிரிக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்தால் எந்த ரசீதும் இல்லாமல் நாற்பது பேருக்கு அனுப்பி வைக்கிறோம்.

இந்த விஷயத்தில் எனக்குக் குருவே பரமார்த்த குருவின் சீடர்கள்தான். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர் எழுதிய கதை. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்'ரென்று சீறுகிறது. ஆகவே விழித்திருக்கிறது. எல்லோரும் அவனை மட்டி என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆறு தூங்கும் என்ற ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டால், மற்றபடி அவன் செய்தது சுத்தமான பரிசோதனை. தூங்குகிறவன் சீறுவானா?

"இந்தக் கதைகளால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம்ங்க?" என்று என் மனைவி கேட்கிறாள். இருக்கிறது. எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் மாதாமாதம் தண்ணீர்த் தொட்டி கழுவும் பிரச்சினை வரும். விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தால் தலை வெடித்துவிடும். திறந்து சொன்னாலோ, எல்லோரும் தலையாட்டிவிட்டு விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வேதாளம் மறுபடி மரத்தில். முன்பெல்லாம் இதற்காக எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இப்போது என் மடியில் கண்ணுக்குத் தெரியாத வாள் ஒன்று கிடக்கிறது. அடுத்த மாதமும் முகத்தில் அலுப்பில்லாமல் போய் உட்காருகிறேன். செயலாளர் என்னைப் பொறுமைசாலி என்கிறார். யார் தோளில் யார் தொங்குகிறார் என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

அம்புலிமாமா நின்றுபோய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சங்கரும் 2020இல் போய்விட்டார். இனி பழைய இதழ்கள்தான் கதி. ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் அம்புலிமாமா கட்டு ஏதாவது கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைக்காரர் கிலோவுக்கு என்ன தருவாரோ, அதற்கு மேல் பத்து ரூபாய் சேர்த்து நான் தருகிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வேதாளக் கதைப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.