கல்நெஞ்சக்காரருக்கே பீச் பழம்

செடிகளிடம் அன்பாகப் பேசினால் செழிக்கும் என்று நம்புகிறவர்கள் பீச் மரம் வைக்காமல் இருப்பது நல்லது. ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அது பலிக்கலாம். பீச்சுக்கு வேண்டியது கல்நெஞ்சு. நட்ட நாள் முதல் பழம் வாய்க்குள் போகிறவரை எங்கெல்லாம் மனம் இளகுகிறதோ அங்கெல்லாம் நஷ்டம் என்பது என் கட்சி. முதல் சாட்சி அந்த மரமேதான். குளிர்காலத்தில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு, வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குகிற மணிநேரங்களை அது ஒன்று விடாமல் கணக்கு வைத்துக்கொள்கிறது. பல ரகங்கள் இப்படி 600 முதல் 900 மணி நேரம் வரை விறைத்தாக வேண்டும். கணக்கு நேராகாவிட்டால் மொட்டு ஒழுங்காக அவிழாது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தார் வருடக்கணக்கில் பாடுபட்டு, 150 மணி நேரக் குளிரோடு சமாதானமாகிவிடும் ஃப்ளோர்டாபிரின்ஸ் போன்ற ரகங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த 150-க்கும் சென்னை மொட்டை மாடியில் வழியில்லை. மார்கழியில் நாம் குரங்குக் குல்லாவோடு நடுங்குவதையெல்லாம் மரம் குளிர் என்று ஒப்புக்கொள்ளாது. ஆகவே இனி வருவது ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு. சமவெளிக்காரர்கள் பொறாமைப்படுவதற்காகப் படிக்கலாம்.

அடுத்தது கவாத்து. பீச் மரம் போன வருடம் விட்ட கிளையில்தான் இந்த வருடம் காய்க்கும். ஒரு தடவை காய்த்த இடத்தில் மறுபடி காய்க்காது. புதுக்கிளை வராவிட்டால் காய்ப்பு வருடத்துக்கு வருடம் உயரே ஏறிக்கொண்டே போய், கடைசியில் கிளிகளுக்கு மட்டும் எட்டும் இடத்தில் நின்றுவிடும். அதனால் ஆண்டுதோறும் மரத்தில் ஏறக்குறைய பாதியை வெட்டித் தள்ள வேண்டும். நடுவில் வெயில் இறங்குமாறு கிண்ணம் மாதிரித் திறந்துவிட வேண்டும். “காட்டில் யார் கவாத்து செய்கிறார்கள்?” என்று இயற்கை விவசாய அன்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காட்டு மரத்தின் லட்சியம் கொட்டையைப் பரப்புவது. நம் நாக்கைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. அந்த லட்சியத்தில் நமக்கும் உடன்பாடு என்றால் கத்தரியைத் தொட வேண்டாம்.

உண்மையான சோதனை பிஞ்சு விட்ட பிறகுதான் வருகிறது. ஒரு முழக் கிளையில் பத்துப் பன்னிரண்டு பிஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பச்சை உடம்பு, மேலே வெண்ணிறப் பூனைமயிர், நுனியில் காய்ந்த பூவின் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் கனம் வந்ததும், 15 சென்டிமீட்டருக்கு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் திருகி எறிய வேண்டும். பிடித்துத் திருகினால் ‘டக்’கென்று வந்துவிடும், எறிகிறவருக்குத்தான் கை வராது. பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு பழம் ருசியாக வளர 30, 40 இலைகள் உழைக்க வேண்டியிருக்கிறது. இலை கூடாமல் பங்காளிகள் மட்டும் கூடினால் எல்லாருக்கும் அரைவயிறுதான். இரக்கப்பட்டு விட்டால் மொத்த எடை கூடுதலாகவே கிடைக்கும், அதை மறுக்கவில்லை. கிடைப்பது தோல் போர்த்திய கொட்டைகள், கூடவே பாரம் தாங்காமல் முறிந்த ஒரு கிளை. எண்ணிப் பார்த்து மகிழ்கிறவர்களுக்கு இதுவும் விளைச்சல்தான்.

மரத்திடம் கல்நெஞ்சு காட்டும் இந்தக் கலையில் உலகத்துக்கே வாத்தியார்கள் பாரிஸை ஒட்டிய மோந்த்ரோய் ஊர்க்காரர்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே சுவர் எழுப்பி, சாந்து பூசி, பீச் கிளைகளைத் துணிப்பட்டையால் கட்டி ஆணியடித்துச் சுவரோடு சுவராக விரித்துவிட்டார்கள். பகல் வெயிலைக் குடித்த சுவர் இரவில் மரத்துக்குக் கதகதப்பு கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுவர்களின் மொத்த நீளம் சுமார் 600 கிலோமீட்டர். பிறகு ரயில் வந்தது. தெற்கே வெயிலில் சும்மா விளைந்த பழம் பாரிஸ் சந்தைக்கு வந்து இறங்கியது. கல்நெஞ்சும் ரயிலிடம் தோற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழுக்கவைப்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்து வளர்ந்த சமூகம் பீச்சையும் அங்கேயே புதைக்கும். மாங்காயிலும் வாழைக்காயிலும் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. பறித்த பிறகு அது சர்க்கரையாகிறது. பீச்சுக்கு அப்படிச் சேமிப்பு கிடையாது. இலை அனுப்பிய சர்க்கரைதான் அதன் முழுச் சொத்து. காம்பு அறுந்ததும் வரவு நின்றுவிடும். வாழைப்பழத்தோடு காகிதப் பையில் கட்டி வைத்தால் எத்திலீன் வாயுவால் சதை இளகும், மணமும் வரும், இனிப்பு மட்டும் பறித்த அன்று இருந்ததுதான். சிவப்பைப் பார்த்துப் பறிப்பதும் ஏமாற்றமே. அந்தச் சிவப்பு ரகமும் வெயிலும் பூசிய ஒப்பனை. பார்க்க வேண்டியது அதற்கு அடியில் இருக்கும் பச்சை மஞ்சளாகிவிட்டதா என்பதை. சந்தைக்கு இது புரியாது. கலிஃபோர்னிய விவசாயி டேவிட் மாஸ் மாசுமோட்டோவின் ‘சன் கிரெஸ்ட்’ பழங்கள் ருசியில் குறைவில்லாதவை. ஆனால் போதுமான அளவு சிவக்காது, நாள்பட இருக்காது என்பதால் வாங்க ஆளில்லாமல் போயின. அந்தத் துக்கத்தை அவர் 1995இல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார்.

“பச்சை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் கிளி விட்டுவைக்குமா, பழ ஈதான் சும்மா இருக்குமா?” என்பது வலுவான ஆட்சேபம். பதில் உண்டு: அடிநிறம் மஞ்சளாகி, காம்புப் பக்கம் லேசாக அழுத்தம் கொடுத்தால் இளகும் நிலையில் பறித்துவிடலாம், கடைசி இரண்டு நாளை சமையலறை மேடையில் கழிக்க அதற்கு ஆட்சேபமில்லை. ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பழுத்த பழம் ஓரிரு நாள் அங்கே இருந்துவிட்டுப் போகட்டும். பழுக்காததை வாரக்கணக்கில் 2 முதல் 8 டிகிரிக்குள் அடைத்தால்தான் சதை சாறற்று மாவு மாவாகிவிடும், வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் சரியாக அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இவ்வளவும் சரியாகச் செய்தவருக்குக் கிடைக்கும் பரிசு, ஒரு மரத்துப் பழம் பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் மொத்தமாகப் பழுத்துவிடுவது. ஜாம் கிளறலாம், பெக்டின் குறைவான பழம், எலுமிச்சைச் சாறு பிழியாவிட்டால் இறுகாது. மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்தாக வேண்டும். அப்போதும் ஆள் பார்த்துக் கொடுங்கள். வாங்கிய கையோடு வாசலிலேயே கடித்து முழங்கை வரை சாறு வழிய நிற்பவருக்கு இன்னும் இரண்டு கொடுக்கலாம். அடுத்த வாரம் மாப்பிள்ளை வருகிறார், எடுத்து வைக்கிறேன் என்பவருக்கு வாழைப்பழம் போதும்.