காலில் படக்கூடாதவை

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் யாரையாவது நிறுத்தி, "உங்க ஷூ உங்களைப் பத்தி என்ன சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு சொல்லுது" என்று நடையைக் கட்டுவார். தொழிற்பேட்டை ஊர். ஓசூர் சாலையில் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும் கால்களில் முனைக்கு இரும்பு வைத்த சேஃப்டி ஷூதான் அதிகம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை மெட்ரோ இங்கே வந்து நின்ற பிறகு ஐ.டி. ஸ்நீக்கர்களும் கலந்துகொண்டன.

இந்த ஊரில், விடுமுறை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்நீக்கர் வடிவமைக்கச் சொல்லித்தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. யோசனை அமெரிக்காவுடையது. அங்கே வான்ஸ் நிறுவனம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வெள்ளை ஷூவைக் கொடுத்து, அதில் வரையச் சொல்லிப் போட்டி வைத்திருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது பி.டி. பீரியடுக்கான கேன்வாஸ் ஷூ. கறைமேல் சாக்பீஸைத் தேய்த்து மானம் காப்போமே, அதே ஷூ.

முதலில் எல்லாரும் நைக்கி டிக் போட்டார்கள். அதை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார் என்றேன்.

"ஒரு டிக்குக்கா? எங்க மேத்ஸ் மிஸ் சும்மாவே போடுவாங்க சார்."

"சரி, உனக்கு ரொம்பப் பிடிச்சதை வரை" என்றேன். அங்கேதான் சிக்கல். முருகன் பிடிக்குமாம், முருகனைக் காலில் போடுவதா? கன்னட நடிகர் அப்பு படம் போட்டால் தெருமுனையைத் தாண்ட முடியாது. அம்மா பெயர் என்றவள், நான் வாய் திறக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே அணியக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. எழுத்து? சரஸ்வதி.

பிடித்தது எதுவும் காலில் படக்கூடாதென்றால் எதைத்தான் வரைவது? கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "பிடிக்காததை வரையலாமா சார்?"

வகுப்பு களைகட்டிவிட்டது. அவளுடைய இடது ஷூவில் பாகற்காய், வலதில் பதினேழாம் வாய்ப்பாடு. "கணக்கும் சரஸ்வதிதானே?" என்றேன். "பதினேழு மட்டும் இல்ல சார்." இன்னொருவன் சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கைப் போட்டான், விரலிலிருந்து குதிகால் வரை ஒரே சிவப்பு விளக்கு. பின்வரிசைப் பையன் ஒருவன் ஷூ முழுக்கக் கறுப்படித்து, நடுவில் ஒரு பஸ், ஜன்னல்தோறும் தூங்கி விழும் தலைகள் என்று வரைந்திருந்தான். "எங்கப்பாவோட நைட் ஷிஃப்ட் சார்" என்றான்.

அக்ரிலிக் பெயிண்டை அப்படியே பூசினால் விரல் மடங்கும் இடத்தில் வெடித்துவிடும், துணிக்கான மீடியம் கலக்க வேண்டும் என்று பாடம் நடத்தினேன்.

"வெடிக்கட்டும் சார், பாகற்காய்தானே!"

அமெரிக்கப் பிள்ளை பிடித்ததைப் போட்டுக்கொண்டு நடக்கிறது; எங்கள் பிள்ளைகள் பிடிக்காததை மாட்டிக்கொண்டு புழுதியில் தேய்க்கிறார்கள். மனசுக்கு எது நல்லது என்று கேட்டால் என் ஓட்டு பாகற்காய்க்கே.

கண்காட்சி நாளன்று வாசலில் யாரோ வழக்கம்போலப் பலகை வைத்துவிட்டார்கள்: 'காலணிகளை வெளியே விடவும்.' ஷூ பார்க்க ஊரே வெறுங்காலோடு வந்தது. தருமபுரியிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, கூட்டத்தில் பின்னால் நகர்ந்தபோது தரையில் காய்ந்துகொண்டிருந்த வாய்ப்பாட்டு ஷூவை மிதித்துவிட்டார். பதறிக் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாட்டி, அது ஷூ!" என்று கத்தினாள் பேத்தி.

"இருக்கட்டும்டி, நீ படிக்கிற பொருளாச்சே!"

பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு அவ்வளவு மரியாதையை எந்தக் கணக்கு வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.