மட்டக்குளியில் ஒரு பூநடை

மலையும் கடலும் காட்டுப்பூவும் ஒருசேர அமைந்தால்தான் அது இயற்கை நடை என்று நம்மவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நெலு பூத்தால் ஹோர்ட்டன் சமவெளிக்கு வான் பிடித்து ஓடுகிறார்கள். களனி கங்கை கடலில் விழும் மட்டக்குளி காக்கைதீவில், அடம்பன் கொடியை மிதித்தபடி ஐஸ்கிரீம் தின்கிறார்கள். ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த இலை, காலையில் விரிந்து அன்றைக்கே வாடும் ஊதாப்பூ, கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துவைக்கும் உழைப்பு. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று மேடையில் முழங்குகிறவரை இங்கே நிறுத்தி, எது அடம்பன் என்று கேட்டுப் பாருங்கள். வழிகாட்டி தேவைப்படுவது இங்கேதான்.

மலை எங்கே என்பீர்கள். புளூமெண்டலில் மாநகரமே கூடிக் குவித்த குப்பை மலை போதாதா? அதில் ஏறச் சொல்லவில்லை. மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரலில் அப்படியொன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நாற்றம் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டுவதற்கு அழகு மட்டுமா இருக்கிறது? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மேற்குக் கரையில் கொட்டிய பிளாஸ்டிக் மணிகளையும் வழிகாட்டி விளக்கலாமே. ஆள் வரமாட்டார்கள் என்ற கவலை வேண்டாம். வெளிநாட்டவருக்கு டொலரில் கட்டணம் என்று ஒரு பலகை மாட்டினால், வெள்ளவத்தைக்காரரே முதல் வரிசையில் நிற்பார்.