நாலாவது வெட்டு

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 2014 பதிப்பில், மந்திரவாதி 17ஆம் நிலையிலேயே ‘விஷ்’ மந்திரத்தைக் கற்று, நினைத்ததை நடத்திக்கொள்ளலாம். வாள்வீரர் 20ஆம் நிலைவரை உழைத்தால், ஒரே மூச்சில் மூன்று வெட்டு வெட்டியவர் நாலு வெட்டு வெட்டலாம், பதவி உயர்வாம்! தொடக்கத்தில் மந்திரவாதி நோஞ்சான், அதற்கு ஈடுதான் இது என்பார்கள். அந்த நோஞ்சானை அதுவரை உயிரோடு காப்பாற்றியதே வாள்வீரர்தானே? ஆட்டத்தை நடத்துபவர் சரிக்கட்டிவிடுவார் என்பது அடுத்த சமாதானம். சரிக்கட்ட ஆள் வேண்டியிருப்பதே விதி கோணல் என்பதற்குச் சாட்சி. 2008இல் வந்த நான்காம் பதிப்பு எல்லாப் பாத்திர வகைகளுக்கும் திறன்களை ஒரே அச்சில் வார்த்தது. உடனே, எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. புகார்க்காரர்களில் வாள்வீரராக ஆடியவர்களை மட்டும் தனியே எண்ணிப் பார்த்திருந்தால் தேவலை.